பார்டாயும் பார்டீயும்

ஜெர்மன் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "'பார்டாய்' என்றால் அரசியல் கட்சி. 'பார்டீ' என்றால் ஓர் ஆட்டம் சதுரங்கம். இரண்டுக்கும் உறவு உண்டா?"

உண்டு. இரண்டும் ஒரே சொல்தான். இலத்தீனில் 'பார்ஸ்' என்றால் பங்கு. அந்த வழியில் வந்த பிரெஞ்சுச் சொல் ஒன்று ஜெர்மனுக்குள் இரண்டு முறை நுழைந்தது.

முதல் முறை இடைக்காலத்தில். அப்போது ஜெர்மானியரும் ஈகாரத்தோடுதான் சொன்னார்கள். அப்புறம் நடந்தது எனக்கு என்றும் அலுக்காத விஷயம். 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மேலண்ணத்தை உரசும் அளவுக்கு எழும்பி நிற்கும். அது சற்றே தாழ்வாகக் கிளம்பி மேலே போனால், முன்னால் 'அ'வின் சாயல் ஒட்டிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக அந்தத் தாழ்வு கூடிக்கொண்டே போனால் ஈ, ஐ ஆகிவிடும். 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆஸ்திரியப் பக்கம் தொடங்கிய இந்த மாற்றம் மெல்ல வடக்கே பரவியது. திராட்சை மதுவைக் குறித்த 'வீன்', 'வைன்' ஆனது. பனிக்கட்டியைக் குறித்த 'ஈஸ்', 'ஐஸ்' ஆனது. ஆங்கிலமும் தனியே இதே பாதையில் போனது, நாமும் ஐஸ் என்கிறோம். சுவிஸ் பேச்சுமொழியில் பெரும்பாலும் இன்றும் 'ஈஸ்'தான். 'ஷ்வீட்ஸ்' என்ற மாநிலத்தின் பெயர்தான் சுவிட்சர்லாந்துக்கே பெயரானது, பொது ஜெர்மனில் நாட்டின் பெயர் 'ஷ்வைட்ஸ்'.

மாற்றம் ஓய்ந்தபின், 17-ஆம் நூற்றாண்டு வாக்கில், அதே பிரெஞ்சுச் சொல் மறுபடி வந்தது. அதன் ஈகாரம் தப்பியது. முன்னால் வந்தது 'பார்டாய்' ஆனது, பின்னால் வந்தது 'பார்டீ'யாகவே நின்றது.

ஒரு விதி இத்தனை சொற்களில் பிசகாமல் செல்வதால்தான் சொல்லாராய்ச்சி அறிவியலாகிறது. ஓசை ஒத்திருக்கிறது என்பதற்காக உலகச் சொற்களுக்கெல்லாம் நம் மொழியில் வேர் காட்டுவது ஆராய்ச்சி ஆகாது, அது தமிழுக்குப் பெருமையும் சேர்க்காது.

சரி, பொருளுக்கு வருவோம். 'பங்கு' என்பது 'ஒரு பக்கம் நிற்பவர்' என்று விரிந்தது. அதனால் வழக்கில் வாதியும் ஒரு பார்டாய், பிரதிவாதியும் ஒரு பார்டாய். நம் வக்கீல்களுக்கும் கட்சிக்காரர்கள் உண்டே! அடுக்குமாடியில் ஒவ்வொரு குடித்தனமும் ஒரு பார்டாய். கால்பந்து நடுவருக்கு, எந்தப் பார்டாயும் சாராதவர் என்றே பெயர். ஆஸ்திரிய அரசு அலுவலக வாசலில் 'பார்டாயன்ஃபெர்கேர்' என்று நேரம் குறித்த பலகை இருந்தால், கட்சிக் கூட்டம் என்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள். பொதுமக்கள் அதிகாரிகளைப் பார்க்கும் நேரம் அது.