மின்சாரக் கார் வாங்குமுன் எர்த்தைப் பாருங்கள்

கடந்த ஐப்பசி மழையில், இலங்கை மலைநாட்டின் கொட்டகலைப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வயரிங் பார்க்க அழைத்திருந்தார்கள். அவரிடம் இருப்பது பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 யூனிட் (கிலோவாட் மணி) பிடிக்கும் பெட்டரி. "தம்பி, சார்ஜ் போட்டா ட்ரிப் சுவிட்ச் விழுந்துகிட்டே இருந்துச்சு. ஒருத்தர் வந்து சரி பண்ணிட்டுப் போனாரு, இப்ப விழுறதில்ல. ஆனா கார்க் கதவத் தொட்டா சுருக்குங்குது" என்றார். நான் காரின் அருகில்கூடப் போகாமல் முதலில் மெயினை அணைத்தேன்.

மின்சாரம் ஒழுகினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தபோது, வந்தவர் "சரி பண்ணிய" விதம் தெரிந்தது: உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அந்தச் சுவிட்சை வெறும் அலங்காரமாக்கிவிட்டிருந்தார். அடுத்து, ஒழுகும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியைத் தேடினேன். டேலியாப் பாத்திக்குள் இருந்த அதை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நான்கடிக் கம்பி ஓரடி ஆழத்திலேயே பாறையில் முட்டியதால், மீதியை வாளால் அறுத்துவிட்டு நட்டிருக்கிறார்கள். அதை மீண்டும் நட்டு எர்த் டெஸ்டரில் அதன் தடையை அளந்தால் 400 ஓமுக்கு மேல் காட்டியது. 230 வோல்ட்டில் ஒழுகும் மின்சாரம் 400 ஓம் வழியாகப் போனால் அரை அம்பியரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 15 அம்பியர் பியூஸ் அதற்கு ஒருநாளும் போகாது. காரின் உடல் முழுவதும் மின்சாரத்தோடு விடியும்வரை நின்றுகொண்டிருக்கும். முதலில் ட்ரிப் சுவிட்ச் விழுந்ததற்குக் காரணம், சார்ஜ் கேபிளின் தலைக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்ததுதான். அதாவது, அந்த வீட்டில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே பொருளைத்தான் செயலிழக்க வைத்திருந்தார்கள்.

நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர் நட்ட கம்பி ஒன்றுதான் என்பதால், மலைநாட்டின் கல்லும் சரிவும் நேரடியாக நம் பாதுகாப்பைப் பாதிக்கின்றன. ஓரிடத்தில் கம்பி இறங்காவிட்டால் ஈரம் நிற்கும் வேறோர் இடத்தில் இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு நட்டு ஒன்றாக இணைப்பதே முறை, அறுப்பது முறையல்ல. ட்ரிப் சுவிட்சிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கார் சார்ஜர் பழுதானால் நேர்மின்சாரம் (DC) ஒழுகக்கூடும், அப்போது வீடுகளில் சாதாரணமாக இருக்கும் ஏ.சி. வகை (Type AC) சுவிட்ச் மந்தமாகிவிடும். ஆகவே சார்ஜருக்கென்று தனியாக, 30 மில்லி அம்பியரில் விழும் ஏ வகை (Type A) சுவிட்சைப் பொருத்துங்கள். 6 மில்லி அம்பியர் நேர்மின்சாரத்தைக் கண்டு நிறுத்தும் வசதி சார்ஜருக்குள் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள்.

வயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த ஆசிரியர் வீட்டுப் போர்ட்டிகோவில் இருந்த பிளக், பல்புக்கு இழுத்த மெல்லிய 1/1.13 வயரிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் முகம் பழுப்பேறி, கருகிய நெடியும் வீசியது. கேத்தல் ஐந்து நிமிடத்தில் கொதித்து அடங்கிவிடும். கார் அப்படியல்ல, பத்து அம்பியரைப் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். காரை விற்றவர் "சாதாரண பிளக்கே போதும்" என்று சொன்னாராம். எந்த வயரில் உள்ள பிளக் என்று அவர் கேட்கவில்லை. நான் மெயினிலிருந்து தனி லைனாக, தனி பிரேக்கரோடு, தடித்த 7/1.04 வயர்தான் போடுவேன். சுருட்டிய எக்ஸ்டென்ஷனில் கார் சார்ஜ் போடுபவரிடம் ஒரு முறை அந்தச் சுருளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாலே போதும், அதன்பின் போடமாட்டார்.

பெரிய சார்ஜர் வாங்கும் ஆசையும் வேண்டாம். சாதாரண வீட்டு இணைப்பு ஒரு பேஸ், 30 அம்பியர். ஏழு கிலோவாட் சார்ஜர் ஒன்றே 30 அம்பியரைத் தாண்டும். அதன்பின் சோறு ஆக்க முடியாது. 16 அம்பியரில், அதாவது சுமார் 3.7 கிலோவாட்டில், இரவு பத்தரைக்குப் பிறகு போட்டால் விடிவதற்குள் காரின் அன்றாட ஓட்டத்துக்குப் போதுமானது ஏறிவிடும். மாலை ஆறரை முதல் பத்தரை வரை உச்ச நேரம். தோட்டத்து மின் லைனின் கடைசி வீடுகளில் அந்நேரம் வோல்ட்டேஜ் 200க்குக் கீழே இறங்குவதை நானே அளந்திருக்கிறேன். மாத மின்பாவனை 180 யூனிட்டைத் தாண்டினால் விலையும் மேல்படிக்குப் போகும் என்பதால், நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாற முடியுமா என்று பகுதி மின் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏற்றம் ஏறத்தாழ 1,400 மீற்றர். ஆட்களோடு 1,600 கிலோ வரும் காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 6 யூனிட் தேவை, அதாவது பழைய லீஃபின் கால்வாசி. இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பிவரும், ஆனால் பெட்டரியில் இடம் இருந்தால்தான் வரும். நுவரெலியாவில் 100 வீதம் ஏற்றிவிட்டு உடனே ரம்பொடைப் பக்கம் இறங்குபவருக்கு மோட்டாரின் பிடிப்பு கிடைக்காது. பிரேக் மட்டுமே மிஞ்சும். மேலே குடியிருப்பவர்கள் 80, 85 வீதத்தில் நிறுத்துங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் தனியாருக்கும் திறக்கப்பட்டது. சீன அரசு 2022 முடிவு வரை வாங்குவோருக்குக் கொடுத்த மானியமும், இந்திய அரசு 2021இல் உற்பத்தியாளர்களுக்கு ஒதுக்கிய 25,938 கோடி இந்திய ரூபாயும் அந்நாட்டுத் தொழிற்சாலைகளை வளர்த்தன. அவற்றின் பலன் ஓரளவுக்கு இங்கே வந்திறங்கும் வண்டியின் விலையிலும் தெரிகிறது. இங்கே நம் அரசு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வரி போடுகிறது. துறைமுகத்தைத் தாண்டி உங்கள் வீட்டுச் சுவர் வரை இந்தக் கணக்குகள் எதுவும் வருவதில்லை. வயருக்கும் எர்த்துக்குமான செலவு முழுக்க உங்களுடையது, அதைக் காரின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில் மின்சார ஆட்டோ வைத்திருக்கும் தம்பிமாரின் நிலைமைதான் எனக்குக் கவலை. லக்ஷபான மின்நிலையம் 1950 முதல் நாட்டுக்கே மின்சாரம் கொடுத்துவருகிறது, அதன் மேட்டிலேயே இருக்கும் லயன்களில் பக்கத்து வீட்டிலிருந்து கூரை வழியாக இழுத்த வயரை இன்னும் காண்கிறேன். அவர்களில் ஒருவருக்குப் போன மாதம் தனி மீற்றர் கிடைத்தது. வாழைமரத்தடியில் ஈரமண் பார்த்து மூன்று கம்பி நட்டோம், 38 ஓம் காட்டியது. ஆசிரியர் வீட்டில் இன்னும் பாறையோடுதான் போராடிக்கொண்டிருக்கிறோம்.