கியர்பாக்ஸ் ஆயிலை நீங்களே மாற்றப் போகிறீர்களா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. சிவிடி கியர்பாக்ஸ், அதாவது கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சிக்னலில் கிளம்பும்போது உதறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி நகரவில்லை. "போன ஞாயிற்றுக்கிழமை நானேதான் ஆயில் மாற்றினேன் அண்ணா, நல்ல ஆயிலாகக் கேட்டுத்தான் வாங்கினேன்" என்றார் அந்தத் தம்பி.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். இதில் இருந்தது ஊசி ஊசியாக இரும்புச் செதில். பனியன் வேஸ்ட்டில் வழித்து அவரிடம் காட்டினேன். தொட்டதும் விரலில் குத்தியது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அவர் ஊற்றியிருந்தது சிவப்பு ஏடிஎஃப், அதாவது வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில். "ஆட்டோமேட்டிக் என்றால் சிவப்பு ஆயில்தானே?" என்று எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! இல்லை. நிறம் என்பது ஆயிலில் கலக்கும் சாயம், அவ்வளவுதான். சிவிடிக்குள் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் இரும்பு பெல்ட் ஓடுகிறது. பெல்ட் வழுக்காமல் புல்லியைப் பிடிப்பதற்கு ஆயிலும் உதவ வேண்டும். சிவிடி ஆயிலை அதற்காகவே தயாரிக்கிறார்கள். ஏடிஎஃபில் அந்தப் பிடிப்பு கிடைக்காது. பெல்ட் வழுக்கி, புல்லியில் கீறல் விழுந்துவிடும். இரட்டை கிளட்ச் உள்ள டிசிடிக்கு வேறு ஆயில். 2014இல் மாருதி செலிரியோவோடு நம் ஊருக்கு வந்த ஏஎம்டியோ, கிளட்ச்சையும் கியரையும் வண்டியே மாற்றிக்கொண்டாலும், உள்ளுக்குள் மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்குச் சாதாரண கியர் ஆயில். கிளட்ச்சை இயக்கும் ஹைட்ராலிக் ஆயில் தனி, அதில் கை வைக்காதீர்கள். டார்க் கன்வெர்ட்டர் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் வண்டியிலும் ஏதோ ஒரு ஏடிஎஃப் போதாது. எந்த கிரேடு என்று மேனுவல் புத்தகத்தில் போட்டிருக்கும். கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள், புத்தகத்தைப் பாருங்கள். தயவுசெய்து.

அப்படியானால் வீட்டில் மாற்றவே கூடாதா? மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் தாராளமாக மாற்றுங்கள். சிறிய கார்களுக்கு இரண்டு லிட்டர் சுமாருக்குத்தான் பிடிக்கும். கியர் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரங்கள் உண்டு; ஜிஎல்-4 போட வேண்டிய இடத்தில் ஜிஎல்-5 போடாதீர்கள், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது அரிக்கலாம். முதலில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது வந்த பிறகுதான் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டில் ஸ்பேனர் போட வேண்டும். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, ஃபில்லர் போல்ட் இறுகிக்கிடக்கிறது என்று போன் செய்கிறவர்கள் அதிகம்.

ஆட்டோமேட்டிக்கில் ஆயிலை வடிப்பது பெரிய விஷயமே இல்லை. அளவு பார்ப்பதுதான் வேலை. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகள் நிறைய வந்துவிட்டன. வண்டி நாலு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் சூடு சொன்ன அளவில் இருக்க வேண்டும். சில கியர்பாக்ஸ்களில் 35 முதல் 45 டிகிரிக்குள். அதை வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே, அளவு பார்ப்பதற்கான செக் போல்ட்டைத் திறப்போம். தாரையாக வடிவது சொட்டுச் சொட்டாகும்போது மூடிவிடுவோம். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் நுரைக்கும். ஸ்கேனரும் லிஃப்ட்டும் இல்லை என்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வண்டி ஏற்கெனவே வழுக்குகிறது, ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடிக்கிறது என்றால், புது ஆயில் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் யாரிடமாவது காட்டுங்கள். 'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்பதையும் நம்பாதீர்கள். 60,000 கிலோமீட்டர் தாண்டினால் ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

அப்புறம், ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். அது சரிந்தால் தூக்க ஆள் வருவதற்குள் உயிர் போய்விடும். ஸ்டாண்ட் வாங்குங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்துப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால், எங்கள் ட்ரம்மோடு சேர்த்து அனுப்பிவிடுவோம்.