ஆர்கன் சுருதி திருகாணியில் இல்லை

களியக்காவிளைப் பக்கம் ஒரு சபையிலிருந்து போன வாரம் அழைத்தார்கள். அமெரிக்காவிலிருக்கும் ஒரு குடும்பம் காணிக்கையாக அனுப்பிய பழைய ஹாமண்ட் ஆர்கன், அதாவது மோட்டார் சுழற்றும் சக்கரங்களால் சுரம் எழுப்பும் மின்சார ஆர்கன். "ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட் சரியாகக் கொடுத்துவிட்டோம் அண்ணே, ஆனால் சுருதி இறங்கிக் கிடக்கிறது. ஆள் வைத்து ட்யூன் பண்ணியும் ஏறவில்லை" என்றார் கொயர் மாஸ்டர். ட்யூன் என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. போய்ப் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், சக்கரங்களுக்கு எதிரே நிற்கும் காந்தக் கம்பிகளின் திருகாணிகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். இரண்டு கம்பிகள் சக்கர விளிம்பில் உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தன. நெய்யாற்றின்கரை முதல் நாகர்கோவில் வரை இதே கைவேலையை இன்னும் எத்தனை ஆர்கனில் பார்ப்பது?

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். 1935-இல் லாரன்ஸ் ஹாமண்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகை ஆர்கனில் ட்யூன் பண்ண எதுவுமே கிடையாது. பி-3, சி-3 மாடல்களில் விளிம்பில் மேடுபள்ளம் உள்ள 91 சக்கரங்கள் ஒரே மோட்டாரில் சுழல்கின்றன. எல்லாம் கியரால் பிணைந்தவை. ஒன்று மட்டும் சுருதி விலக வழியே இல்லை. காந்தத்தை நெருக்கினால் அந்தச் சுரத்தின் சத்தம் கூடும், சுருதி இம்மியும் அசையாது. மோட்டாரின் வேகம்தான் சுருதி. அந்த வேகத்தை முடிவு செய்வது வோல்ட் அல்ல, கரண்டின் ஹெர்ட்ஸ், அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. அமெரிக்காவில் 60, நம் நாட்டில் 50. ட்ரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. அதனால் ஆர்கன் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சி கட்டையை அழுத்தினால் ஏ-க்கும் சற்றுக் கீழே கேட்கும். மூன்று அரைச்சுரத்துக்கும் மேல் இறக்கம்! எந்தத் திருகாணி இதை ஏற்றும்? போதாததற்கு, 60-க்காகச் செய்த உள் ட்ரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும். 60 ஹெர்ட்ஸ் ப்யூர் சைன்வேவ் (சீரான அலை) தரும் ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர் வாங்குங்கள். செலவுதான், ஆனால் வேலை நடக்கும்.

50 ஹெர்ட்ஸ் மாடல் வைத்திருக்கும் சபைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆராதனை நடுவே கரண்ட் போய், டீசல் ஜெனரேட்டர் 48-க்கு இறங்கினால், சுருதி அரைச்சுரத்தில் முக்கால் பங்கு அளவு இறங்கிவிடும். பக்கத்திலிருக்கும் கீபோர்டு இறங்காது. இரண்டும் மோதும், பழி வாசிக்கும் பிள்ளையின் தலையில் விழும். லோடு ஏற்றிய பிறகு மீட்டரில் 50 நிற்கிறதா என்று பாருங்கள்.

சத்தம் மங்கலாக இருந்தால் உடனே ஈக்வலைசரில் ட்ரெபிளை ஏற்றிவிடுகிறார்கள். 1960-களின் நடுவுக்கு முன் வந்த ஆர்கன்களில் சக்கரப் பெட்டியின் மெழுகுத்தாள் கெப்பாசிட்டர்கள் மதிப்பு மாறிப்போயிருக்கும். மங்கலுக்கு முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆர்கனோடு வரும் லெஸ்லி ஸ்பீக்கரை (உள்ளே சுழன்று சத்தத்தைச் சுற்றிவிடும் பெட்டி) மூலையில் தள்ளி, மேலே வெல்வெட் விரித்து, பூச்சாடியும் வைக்கிறார்கள். அந்தப் பெட்டியின் இடுக்குகள் வழியாகத்தான் ஐயா சத்தமே வெளியே வருகிறது. துணியை எடுங்கள், சுவரை விட்டு நகர்த்துங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். டைல்ஸ் போட்ட ஆலயத்தில் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் வருடத்துக்கு ஒரு முறை, அதற்கென்றே உள்ள எண்ணெய் மட்டும். புனலில் விட்டால் பருத்தி நூல் வழியே மெல்லப் பேரிங்குக்குப் போய்ச் சேரும். தேங்காய் எண்ணெய் விட்ட ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நூலெல்லாம் பிசினாகிச் சக்கரம் இறுகிப்போயிருந்தது. துரு நீக்கும் ஸ்ப்ரேயும் கூடாது. இடவப்பாதி மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது ஓட விடுங்கள். எலி நுழையும் ஓட்டையை வலை வைத்து அடையுங்கள்.

அப்புறம், பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். வால்வ் ஆம்ப்ளிஃபயர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். கையில் டெஸ்டர் இருக்கிறது என்பதற்காகக் கொயர் பையன்கள் யாரையும் உள்ளே கை வைக்க விடாதீர்கள்.