ஏற்பமைவு: சொல் விளக்கம்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு சமயத்தில் வரும் அறிவிப்புகளில் ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் வழங்கப்படும் என்று அதில் இருக்கும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளும் இதில் அடக்கம். ஆங்கிலத்தில் 'அக்காமடேஷன்' என்று சொல்வதைத்தான் நாம் இங்கே 'சலுகை' ஆக்கிவிட்டோம். அந்தச் சொல் தப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தத் தப்புக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

சலுகை என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கட்டணச் சலுகை, வரிச்சலுகை, ஆடி மாதச் சலுகை விலை. கொடுக்க வேண்டியதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள மேலே இருப்பவர் மனம் வைப்பது. வீட்டுப் பேச்சில் இன்னும் வெளிப்படை: "தாத்தாகிட்ட அவனுக்குச் சலுகை ஜாஸ்தி." கன்னடத்திலும் 'சலுகெ' என்றால் நெருக்கம், அந்த நெருக்கத்தால் எடுத்துக்கொள்ளும் உரிமை. ஆக, சலுகை என்பது ஒருவரின் தயவில் கிடைப்பது. அவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். சலுகை பெறுகிறவன் மற்றவர்களைவிடக் குறைவாகச் செய்துவிட்டு அதே பலனை வாங்கிக்கொள்கிறான் என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "உங்க பையனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ராவாமே?" என்று பக்கத்து வீட்டில் கேட்பதற்கும், "சலுகை குடுத்தா சோம்பேறி ஆயிடுவான்" என்று ஆசிரியர் அறையில் சொல்வதற்கும் அடி அங்கேதான் இருக்கிறது. குறைபாட்டுச் சான்றிதழ் கையில் இருந்தும், நண்பர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அதைப் பயன்படுத்த மறுக்கும் பிள்ளைகளும் உண்டு.

மூலச்சொல்லில் தயவுக்கு இடமே இல்லை. லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. அளவுக்கு ஒத்து வருவது 'கொம்மோடுஸ்'. ஒன்றை இன்னொன்றின் அளவுக்குப் பொருந்தும்படி ஆக்குவது 'அக்கொம்மோடாரே'. இதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் பல கிளைகள் விட்டது. வந்தவருக்கு இடம் ஒதுக்குவது அதில் ஒன்று. விடுதி அறைக்கு அக்காமடேஷன் என்று நாம் சொல்வது அந்தக் கிளை. மாற்றுத்திறனாளிகள் சட்டம் பற்றிய கட்டுரைகளை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்தால் 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்பது 'நியாயமான தங்குமிடம்' என்று வந்து நிற்பதற்கும் இதுதான் காரணம்.

சட்டத்துக்குள் இந்தச் சொல் முதலில் மதத்தின் வழியாக வந்தது. அமெரிக்காவில் தன் மதத்தின் ஓய்வுநாளில் வேலை செய்ய மாட்டேன் என்ற தொழிலாளிக்கு முதலாளி நியாயமான அளவுக்கு ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று, 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தில் 1972-இல் திருத்தம் வந்தது. பிறகு மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு அதே சொல் கைமாறியது. 2006-இல் ஐ.நா. உடன்படிக்கை அதை உலகப் பொதுச் சொல்லாக்கியது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. அதன் தொடர்ச்சிதான் நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தன் உரிமையைப் பயன்படுத்துவதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களை, எதிர்த்தரப்பின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏறாதபடி செய்து தருவது என்று இந்தச் சட்டம் அதற்கு விளக்கம் சொல்கிறது. அந்த விளக்கத்தில் 'உரிமை' என்ற சொல்லும் 'சமமாக' என்ற சொல்லும் இருக்கின்றன.

1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் சொன்னது. 2016 சட்டத்தில் அவை 21 ஆயின. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. வாசிப்பில் வரும் டிஸ்லெக்சியா, எழுத்தில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் அதற்குள் அடங்கும். டிஸ்லெக்சியா என்ற பெயரே ஜெர்மன் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1880-களில் வைத்தது. அவர் பார்த்தது மூளை பாதிக்கப்பட்ட பெரியவர்களை. பிறவியிலேயே இந்தச் சிரமம் உள்ள, மற்றபடி புத்திசாலியான 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1896-இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் எழுதிய பிறகுதான் பார்வை பள்ளிப் பிள்ளைகள் பக்கம் திரும்பியது.

சரி, அக்காமடேஷனுக்குத் தமிழ்ச் சொல் என்ன? நாம் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. பள்ளி அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. கிட்டத்தில் உள்ளதையும் தூரத்தில் உள்ளதையும் தெளிவாகப் பார்ப்பதற்குக் கண்ணின் லென்ஸ் தன் குவியத்தூரத்தை மாற்றிக்கொள்வதை 'விழி ஏற்பமைவு' என்று படித்திருப்போம். ஆங்கிலத்தில் அதற்கும் பெயர் அக்காமடேஷன்தான். ஏற்ப அமைவது ஏற்பமைவு. லத்தீன் மூலத்தில் உள்ள 'அளவுக்குப் பொருத்துதல்' அப்படியே இதில் இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விழி ஏற்பமைவில் மாறுவது லென்ஸ். எதிரே இருக்கும் மரம் இடம் மாறுவதில்லை. தேர்விலும் அப்படித்தான். மாற வேண்டியது தேர்வு நடக்கும் விதம். பிள்ளையும் மாறுவதில்லை, பாடமும் மாறுவதில்லை. வினாத்தாள் அதேதான், மதிப்பெண்ணும் அதேதான். ஆகவே 'தேர்வு ஏற்பமைவு' என்று சொல்லலாம். சட்டச் சொல்லுக்கு 'நியாயமான ஏற்பமைவு'.

இந்தச் சொல் இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கிறது. தொடக்கத்தில் பார்த்த மூன்றையும் நம் அறிவிப்புகள் ஒரே பையில் போடுகின்றன. கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் ஏற்பமைவு. மொழிப்பாட விலக்கு அப்படியில்லை, அது பெயர் சொல்வதுபோல விலக்கு. ஒரு பாடமே போய்விடுகிறது. கடுமையான சிரமம் உள்ள பிள்ளைக்கு அது தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் மூன்றும் 'சலுகை' என்று ஒன்றாக வரும்போது பெற்றோர் எளிதாகத் தெரிவதை முதலில் எடுக்கிறார்கள். நேரமும் எழுத ஆளும் கிடைத்தால் தமிழ்த் தேர்வை எழுதிவிடக்கூடிய பிள்ளை தமிழையே விட்டுவிடுகிறது. அது எனக்கு வருத்தமான விஷயம்.

கூடுதல் நேரத்துக்கும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் இதை 'காம்பென்சேட்டரி டைம்' என்று அழைத்தது: ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். 'கூடுதல்' என்றால் எல்லாருக்கும் கிடைத்ததற்கு மேல் என்று காதில் விழுகிறது. இழந்ததைத் திரும்பத் தருவதல்லவா இது? விடுமுறை நாளில் வேலை பார்த்த ஊழியருக்கு அரசு அலுவலகங்களில் 'ஈடுசெய் விடுப்பு' தருகிறார்கள். அதே முறையில் இதை 'ஈடுசெய் நேரம்' என்றால் போதும், யாரும் பொறாமைப்பட இடமிருக்காது.

என்ன இழந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு நம் எழுத்தையே காட்டலாம். 'கா' என்பதில் உள்ள துணைக்காலும் 'ர' என்ற எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். தடங்கலில்லாமல் படிக்கும் நமக்கு 'கால்' என்பது 'கரல்' ஆகத் தெரிவதே இல்லை. ஒரு சில பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அங்கே நின்று யோசித்துத்தான் தாண்ட வேண்டும். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொடி' என்று எழுதும்போது ஒரே ஒலிக்கான குறி 'க'வின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்காருகிறது. 'பள்ளி'யின் புள்ளி, ல-ள-ழ, ர-ற என்று இன்னும் போகலாம். வரலாற்றுத் தேர்வில் வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களைக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு அவை நன்றாகத் தெரியும், வாய்விட்டுக் கேட்டால் வரிசையாகச் சொல்லும். ஆனால் மூளையின் உழைப்பில் பெரும்பகுதி எழுத்தைக் கூட்டுவதிலேயே போய்விடுகிறது. மணி அடிக்கும்போது பாதித் தாள் காலி. அந்தக் காலி இடம் வரலாற்று அறிவைக் காட்டுகிறதா, எழுதும் வேகத்தைக் காட்டுகிறதா?

இதைக் கண்டறிவதற்குத்தான் 'சைக்கோஎஜுகேஷனல் அசெஸ்மென்ட்' என்ற நீளப் பெயருள்ள மதிப்பீடு. தமிழில் 'கற்றல்சார் உளவியல் மதிப்பீடு' என்றால் புரியும். 'ஐக்யூ டெஸ்ட்' என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது, அது ஒரு பகுதிதான். முதலில் பார்வையும் காது கேட்கும் திறனும் சரியாக இருக்கின்றனவா என்று உறுதிப்படுத்த வேண்டும். பிறகு பிள்ளை வளர்ந்த விதம், படித்த பள்ளிகள், நோட்டுப் புத்தகங்கள். அதன்பின் அறிவுத்திறன் சோதனை. இந்தியப் பிள்ளைகளுக்கென்று மாலின் என்பவர் தழுவி அமைத்த 'மிசிக்' என்ற சோதனை இன்னும் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. அதோடு வாசிப்பு, சொல்வதை எழுதுதல், கணக்கு என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பை இதற்குப் பயன்படுத்துவது வழக்கம். யோசிக்கும் திறனுக்கும் வாசித்து எழுதும் திறனுக்கும் இடையில் எங்கே பள்ளம் விழுகிறது என்பது இதில் தெரியவரும். அறிக்கை கைக்கு வந்ததும் பெற்றோர் தேடுவது அந்த ஐக்யூ எண்ணை. முதலில் படிக்க வேண்டியது கடைசியில் வரும் பரிந்துரைகளை. எந்த ஏற்பமைவு தேவை, ஏன் தேவை என்பது அங்கேதான் இருக்கும்.

வயதுக் கணக்கும் முக்கியம். 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல், எட்டு வயது முடிந்த பிறகே சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் வகுத்தது. 14 என்றால் ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் வாங்கிய தாளைப் பத்திரமாக வைத்திருந்து பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் நீட்டினால், புதிதாகக் கொண்டுவரச் சொல்ல வாய்ப்பு அதிகம். ஒன்பதாம் வகுப்பிலேயே மறுமதிப்பீட்டை முடித்துவிடுவது நல்லது. பள்ளித் தேர்வுகளிலும் அப்போதே ஏற்பமைவு கேளுங்கள். ஒரு ஆளிடம் சொல்லி எழுதவைப்பது பழகினால்தான் வரும். வாக்கியத்தை மனதில் முழுதாக அமைத்து, நிதானமாகச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுத்தேர்வு நாளில் முதன்முதலாகச் செய்யும் காரியம் அல்ல அது.

'ஸ்க்ரைப்' என்பதற்குத் தமிழ்நாட்டு அரசு வைத்த 'சொல்வதை எழுதுபவர்' என்ற பெயரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அவர் சொன்னதை மட்டும் எழுதுவார், சொல்லாததை எழுத மாட்டார். இதைவிடத் தெளிவாக அந்த வேலையை விளக்க முடியாது. 'உதவி எழுத்தர்', 'பதிலி எழுத்தர்' என்று சிலர் எழுதுகிறார்கள். பதிலி என்றால் தேர்வரே மாறிவிட்டதுபோல ஆகிவிடும், அது வேண்டாம்.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு 2021-ஆம் ஆண்டு நல்ல சான்று. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிரமம் உள்ள குடிமைப்பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில், 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பைத் தொடாதவர்களுக்கும் சொல்வதை எழுதுபவரைப் பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவியிடம், அவருக்கு உரிய ஒரு மணி நேரத்தைத் தராமல் நீட் தேர்வுத் தாளை வாங்கிவிட்டார்கள். நவம்பரில் வந்த தீர்ப்பு மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. ஆனால் அவருக்கு அநீதி நடந்ததை ஏற்றுக்கொண்டு, அதைச் சரிசெய்ய என்ன வழி என்று பரிசீலிக்கும்படி தேர்வு முகமைக்குச் சொன்னது. சலுகை கிடைக்காமல் போனால் அதை அநீதி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது.

இனி வழக்கில் எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். பெயர்ச்சொல் ஏற்பமைவு, வினை ஏற்பமைத்தல். தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் "என் மகளுக்குச் சலுகை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்பதற்குப் பதில், "என் மகளின் மதிப்பீட்டு அறிக்கையில் பரிந்துரைத்துள்ளபடி, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவளுக்கு உரிய தேர்வு ஏற்பமைவுகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதலாம். அதன் கீழே ஈடுசெய் நேரம், சொல்வதை எழுதுபவர், தனி அறை, வினாத்தாளை வாசித்துக் காட்டுபவர் என்று தேவையானதை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அரசுப் படிவத்தில் 'சலுகை' என்று அச்சிட்ட கட்டம் இருந்தால் அதை அப்படியே நிரப்பிவிட்டு, இணைப்புக் கடிதத்தில் இந்தச் சொல்லைப் போடுங்கள். பிள்ளையிடம் பேசும்போது இரண்டு சொல்லும் வேண்டாம். "உனக்கு எழுத இவ்வளவு நேரம் தேவை, அதைக் கேட்டு வாங்கியிருக்கோம்" என்றால் போதும்.