இரைச்சலா, குறுக்கீடா? ‘நாய்ஸ்’ என்ற ஒரு சொல்

கோவை, திருப்பூர் வட்டார மில்களில் எலெக்ட்ரீஷியன்கள் வாயில் அடிக்கடி புழங்கும் சொல் ‘நாய்ஸ்’. மீட்டர் ரீடிங் கம்ப்யூட்டருக்கு வந்து சேரவில்லையா, “லைன்ல நாய்ஸ் அடிக்குதுங்க” என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. குழந்தை அழுதால் ‘சூடு புடிச்சிருக்கும்’ என்பது போலத்தான் இதுவும். காரணம் சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூச்சல், சண்டை என்று பொருள். அதற்கும் மூலம் லத்தீனில் கடற்பயணக் குமட்டலைக் குறிக்கும் ‘நாசியா’ என்று அகராதிகள் காட்டுகின்றன. மின்சாரத்துக்குள் இது நுழைந்தது காது வழியாக. தொலைபேசியிலும் ரேடியோவிலும் பேச்சோடு ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டது, அதற்கு நாய்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மீட்டர்களும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மோட்பஸ் லைனில் காது வைத்துக் கேட்க எதுவும் இல்லை. தகவல் சிதைந்தது என்று காட்டும் சிஆர்சி பிழையும், பதில் வரவில்லை என்று சொல்லும் டைம்-அவுட்டும்தான் வரும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு ‘இரைச்சல்’ என்கிறோம். நல்ல சொல். எரி, எரிச்சல், விளை, விளைச்சல், அது மாதிரி இரை, இரைச்சல். கடல் இரையும் என்பார்கள். கடலைப் பார்க்காத கொங்கு நாட்டுக்காரனுக்கும் இரைச்சல் தெரியும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சித் தோப்புகளுக்குள் புகுந்தால் தென்னை மட்டைகள் ராத்திரி முழுக்க இரையும். கவனியுங்கள், இரைதல் தானாக நடப்பது. யாரும் செய்வதில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சின்ன வழக்கு. தானாக இரையும் மின் இரைச்சல் உண்மையிலேயே உண்டு. கம்பியில் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதால் அது வருகிறது. 1928-இல் ஜான்சன் என்ற ஆய்வாளர் அதை அளந்து காட்டினார், நைக்விஸ்ட் என்பவர் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்குப்படி 120 ஓம் மின்தடையில், அறை வெப்பத்தில், 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1.4 மைக்ரோவோல்ட். மீட்டர் லைன்களில் புழங்கும் இரண்டு கம்பி முறையான ஆர்எஸ்-485-இல், ரிசீவர் 0 அல்லது 1 என்று உறுதியாகச் சொல்ல இரு கம்பிக்கும் இடையே 200 மில்லிவோல்ட் வேண்டும். ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆக, மில்லில் மீட்டர் சாவது இரைச்சலால் அல்ல. எவனோ குறுக்கே வருகிறான். அதற்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: குறுக்கீடு. குறுக்கே இடுவது. இட்டவன் ஒருவன் இருந்தாக வேண்டும், தேடினால் அகப்படுவான்.

பல்லடம் தாண்டி ஒரு நூற்பாலையில் பார்த்தது. 14 எனர்ஜி மீட்டர்கள் ஒரே ஆர்எஸ்-485 லைனில், வேகம் நொடிக்கு 9600 பிட். காலையில் எல்லாம் ஒழுங்காக வரும். ஈரப்பதம் காக்கும் பிளான்ட்டில் ஃபேன் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் ஓடத் தொடங்கியதும் கடைசி ஐந்து மீட்டர்களின் ரீடிங் காணாமல் போகும். “நாய்ஸுங்கண்ணா” என்றார் எலெக்ட்ரீஷியன் தம்பி. சரி, டீ நேரத்தில் அந்த டிரைவை மட்டும் நிறுத்தச் சொன்னேன். ஐந்தும் உயிரோடு எழுந்து வந்தன. கேபிள் டிரேயைத் திறந்தால், மோட்டார் கேபிளோடு சேர்த்து நம் தகவல் கேபிளையும் இருபது மீட்டருக்கு டை போட்டுக் கட்டியிருக்கிறது. டிரைவ் மின்னழுத்தத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டித் தருகிறது. ஒவ்வொரு வெட்டும் பக்கத்துக் கம்பியைத் தட்டிவிட்டுப் போகிறது.

அதைவிட வேடிக்கை, போட்டிருந்தது முறுக்கே இல்லாத கேபிள். நாள் முழுக்க நூலுக்கு இஞ்சுக்கு எத்தனை முறுக்கு என்று எண்ணுகிற மில்லில்! இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கினால் குறுக்கீடு இரண்டிலும் ஏறக்குறைய சமமாக விழும். ரிசீவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அது கழிந்து போய்விடும். கிரகாம் பெல் 1881-லேயே முறுக்கிய இணைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

லைன் முனையில் மின்தடை, அதாவது டெர்மினேஷன் போடவில்லை, அதான் சிக்னல் முனையில் மோதித் திரும்பும் எதிரொலி என்று சிலர் சொல்வார்கள். 9600-இல் ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட். 300 மீட்டரைக் கடக்க சிக்னலுக்கு ஏறக்குறைய 1.5 மைக்ரோசெகண்ட் போதும். எதிரொலி வந்து அடங்கிய பிறகுதான் ரிசீவர் பிட்டின் நடுவில் எட்டிப் பார்க்கும். இந்த வேகத்தில் பெரிய குற்றவாளி வேறு: யாரும் பேசாதபோது லைன் எந்தப் பக்கமும் சாயாமல் தொங்குவது. அங்கே மல்ட்டிமீட்டர் வைத்தால் ஏ, பி என்ற இரு கம்பிகளுக்கும் இடையே 30 மில்லிவோல்ட். லேசாகத் தட்டினாலே, தகவல் தொடங்குகிறது என்று சொல்லும் ஸ்டார்ட் பிட் ஒன்று பொய்யாகப் பிறந்துவிடும். இரு முனையிலும் 120 ஓம், ஒரு கம்பியை 5 வோல்ட்டுக்கும் மற்றதைப் பூஜ்ஜிய வோல்ட்டுக்கும் ஆளுக்கு 560 ஓம் வழியாக இழுத்துக் கட்டினால் 250 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்.

போகிற போக்கில் ஒன்று. இந்த லைனை ‘பஸ்’ என்கிறார்கள். ‘எல்லோருக்கும்’ என்ற லத்தீன் ‘ஆம்னிபஸ்’தான் அதன் மூலம். சாலையில் ஓடுவதற்கும் அதே மூலம் என்பதால் ‘பேருந்து’ என்று பெயர்த்துவிடாதீர்கள். கணினிக் கலைச்சொல்லில் ‘பாட்டை’ என்று இருக்கிறது. மில்லில் லைன் என்றாலே போதும்.

முறுக்கிய கேபிளைத் தனி டிரேயில் இழுத்தோம். மோட்டார் கேபிளைத் தாண்டியே ஆக வேண்டிய ஓர் இடத்தில், ஒட்டி ஓடாமல் செங்குத்தாகக் குறுக்கே கடக்க விட்டோம். குறுக்கீட்டுக்கு மருந்து குறுக்கே போவதா என்று தம்பி சிரித்தார். மத்தியானம் லாக் புத்தகத்தில் ‘நாய்ஸ்’ என்று எழுதப் போனவர், அடித்துவிட்டு, ‘ஃபேன் டிரைவ் குறுக்கீடு, கேபிள் மாத்தியாச்சு’ என்று எழுதினார்.