சூடு காட்டிக்கொடுக்கும்

லேப்டாப் மதர்போர்டு ரிப்பேர் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் சால்டரிங் அயர்ன் வாங்குகிறார்கள். நான் வோல்ட்டையும் ஓமையும் அளக்கும் மல்டிமீட்டரைத்தான் வாங்கச் சொல்வேன். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

அடாப்டர் தரும் 19 வோல்ட், பெரும்பாலான போர்டுகளில் இரண்டு மாஸ்ஃபெட்களை (சுவிட்ச் போல மின்சாரத்தைத் திறந்து மூடும் சில்லுகள்) தாண்டி மெயின் லைனுக்கு வருகிறது. அதிலிருந்து 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் பிரிகின்றன. பவர் பட்டனை அழுத்தியதும் மற்ற லைன்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று, கடைசியில் பிராசஸருக்குச் சுமார் 1 வோல்ட் போய்ச் சேரும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் மதகிலிருந்து பார்த்துக்கொண்டே வருவோமில்லையா, இங்கேயும் அப்படித்தான்.

சரி, லைட்கூட எரியாத ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். அடாப்டர், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு, மெயின் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 1 ஓமுக்கும் கீழே காட்டினால் ஷார்ட், அதாவது மின்சாரம் தடையின்றிக் கிரவுண்டுக்குப் போகிறது. ஆனால் பிராசஸர் பக்கத்துக் காயிலில் (கம்பிச் சுருளில்) ரீடிங் மிகக் குறைவாக இருப்பது இயல்பு. அதை ஷார்ட் என்று நினைத்து நல்ல போர்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

பல நேரம் குற்றவாளி ஒரு பீங்கான் கெப்பாசிட்டர், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு துண்டு. உள்ளே பீங்கானும் உலோகமுமாக மெல்லிய அடுக்குகள் மாறி மாறி இருக்கும். போர்டு வளையும்போது பீங்கான் விரிசல்விட்டால், உலோக அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். 19 வோல்ட் நேராகக் கிரவுண்டுக்குப் பாயும். அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், அதே லைனில் பத்துப் பதினைந்து கெப்பாசிட்டர்கள் இணையாக நிற்கின்றன. எதைத் தொட்டாலும் மீட்டர் ஷார்ட் என்று பீப் அடித்துக் கத்தும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. வோல்ட்டை மாற்றிவைக்கக்கூடிய பவர் சப்ளையில் 1 வோல்ட் மட்டும் வைத்து மெயின் லைனில் செலுத்த வேண்டும். ஷார்ட் 0.3 ஓம் என்றால் 3 ஆம்பியருக்கு மேல் ஓடும். 3 வாட்டுக்கு மேல் சூடு, அதில் பெரும்பகுதி எள்ளளவே இருக்கும் அந்தத் துண்டிலேயே பிறக்கும். முன்கூட்டியே போர்டின் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவி வையுங்கள். (எளிதில் தீப்பற்றும், காற்றோட்டம் வேண்டும்.) ஈரம் பளபளவென்று இருக்கும். சில நொடிகளில் ஓரிடம் மட்டும் வெளிறி, வட்டமாகக் காயத் தொடங்கும். அந்த வட்டத்தின் நடுவில் இருப்பதுதான் பழுது.

1 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. ஷார்ட் ஆனது கெப்பாசிட்டராக இல்லாமல் பிராசஸர் பக்கத்து மாஸ்ஃபெட்டாக இருந்தால், நீங்கள் செலுத்துவது நேராகப் பிராசஸருக்குப் போகும்.

கண்டுபிடித்ததை ஹாட் ஏரில் (சூடான காற்றை ஊதும் கருவியில்) கழற்ற வேண்டும். ஈயமில்லாத சால்டர் உருகச் சுமார் 217 டிகிரி செல்சியஸ் தேவை, அதனால் அவசரப்பட்டு இழுத்தால் அடியிலுள்ள செம்புத் தடமும் பிய்ந்து வந்துவிடும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய போர்டுகளில் முதலில் கை பழகட்டும்.

கழற்றிய பிறகு அதே இடத்தில் மீட்டரை வையுங்கள். இந்த முறை கத்தாது. அப்புறம் 25 வோல்ட் தாங்கும் புது கெப்பாசிட்டரை அதே மதிப்பில் வைத்து, அடாப்டரைச் செருகலாம்.