அஞ்சு நிமிஷந்தாங்க சார்

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் ரோந்து வண்டியில் ராத்திரி டூட்டி பார்ப்பவன் நான். பறந்து போகிற காரைவிட எனக்குப் பயம் தருவது ஓரமாக நின்றுகொண்டிருக்கிற லாரி. சொன்னால் சிரிக்கிறார்கள். ஓடாத வண்டி யாரை என்ன செய்துவிடும் என்கிறார்கள்.

பெருந்துறை தாண்டி ஒருநாள், விடிகாலை மூன்று மணி இருக்கும். இடது ஓரக் கோட்டுக்கு வெளியே பாதி, ரோட்டில் பாதி என்று ஒரு லாரி நின்றது. பின்னால் ஒரு விளக்கும் இல்லை. ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரையும் தொங்கிய தார்ப்பாய் மூடிவிட்டது. கிட்டத்தில் போகிறவரைக்கும் எங்கள் ஓட்டுநருக்கே தெரியவில்லை. டிரைவர் கீழே குத்தவைத்து வீல் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். சங்ககிரிக்காரர், என்னைவிட மூத்தவர்.

"அஞ்சு நிமிஷந்தாங்க சார், ஸ்டெப்னியை மாட்டிட்டுக் கெளம்பிருவேனுங்க."

"லைட்டை ஏங்கண்ணா அணைச்சீங்க?"

"பேட்டரி எறங்கிருமுங்க."

எச்சரிக்கைக்கு ஒரு வேப்பங்கிளையும் மூன்று கல்லும் வைத்திருந்தார், வண்டிக்குப் பின்னால் பத்தடியில்.

அந்தப் பத்தடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. எதிரே ஏதோ நிற்கிறது என்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. அதிலேயே 33 மீட்டர் போய்விடும். அழுத்தின பிறகு, காய்ந்த ரோட்டில், நல்ல டயரோடு, நிற்பதற்கு இன்னொரு 35 மீட்டர். ஆக, எழுபதுக்குப் பக்கம் வேண்டும். விளக்கில்லாத லாரியின் பின்பக்கம் லோ பீமில் தெரிவதோ நாற்பது ஐம்பது மீட்டரில்தான். லாரியின் உயரம் இன்னொரு வில்லங்கம். கார் அதற்கு அடியில் புகுந்துவிடுவதால் பானெட் தாங்க வேண்டிய அடியைக் கண்ணாடியும் அதன் பின்னால் இருக்கிற தலையும் வாங்கிக்கொள்கின்றன. இந்த மாதிரி விபத்தில் கதவை நெம்பித் திறந்த அனுபவம் எனக்கு உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை.

நிறுத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2020 பிப்ரவரி 20 அன்று அவிநாசி அருகே ஒரு கன்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டிப் போய்க் கேரள அரசுப் பேருந்தில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். அதுவும் விடிகாலை மூன்று மணி வாக்கில்தான். கண் தானாகச் சொக்குகிற நேரம் அது. தூக்கம் வந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் பெட்ரோல் பங்க்கிலோ, லாரி நிறுத்துமிடத்திலோ, டோல்கேட் தாண்டியோ நிறுத்துங்கள்.

டயர் போய்விட்டால்? வண்டி கொஞ்சமாவது உருளும் என்றால் சர்வீஸ் ரோடு வரைக்கும் மெதுவாக உருட்டிப் போங்கள். டயர் நாசமானால் ஆகட்டும். நகரவே நகராது என்றால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, சிவப்பு முக்கோணத்தை நூறு தப்படி பின்னால் நடந்து போய் வையுங்கள். வளைவோ பாலத்து ஏற்றமோ இருந்தால் அதற்கும் முன்னால். அப்புறம் காரில் இருப்பவர்களை இறக்கி, இடதுபக்கத் தடுப்புக்கு அந்தப்புறம் நிற்க வையுங்கள். குழந்தை தூங்குகிறதே என்று உள்ளேயே விட்டுவிட்டு, அப்பாக்காரர் டிக்கிக்குப் பின்னால் நின்று போன் பேசுவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் இப்போது நிறையப் பேர் ஒட்டிக்கொள்கிறார்கள், சந்தோஷம். ஆனால் கூடவே சோறும் தண்ணீரும் கொண்டுவரும் டெம்போவை ரோட்டோரத்திலேயே நிறுத்தி, அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். ஊருக்குள் திருப்பி நிறுத்துங்கள் சாமிகளே.

சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆபத்தான இடத்தில் வண்டியை விடக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு. பொதுவழியில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் பழைய தண்டனைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதான். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 5,000 வரை. ஹெல்மெட் கேஸ் எத்தனை என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், எரியாத டெயில் லைட்டுக்கும் அதே கெடுபிடி வேண்டும்.

அன்றைக்கு எங்கள் வண்டியைத் தள்ளிப் பின்னால் நிறுத்தி, சுழல்விளக்கைப் போட்டுவிட்டு நின்றோம். அவர் சொன்ன அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கல் மூன்றும் ரோட்டிலேயே கிடந்தன. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர்களுக்கு அது லாரியைவிட மோசம். டார்ச் அடித்துத் தேடி எடுத்துப் போட்டோம். விடிந்ததும் பல் விளக்க ஆகும் என்று வேப்பங்கிளையை மட்டும் ஏட்டு எங்கள் வண்டிக்குள் போட்டுக்கொண்டார்.